ஏட்டு மருந்தும் காட்டு மருந்தும்: பல்லுயிர்ச் சட்டத் திருத்தம் யாருடைய அறிவைக் கணக்கில் எடுக்கிறது?

2023ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பல்லுயிர்ச் சட்டத் திருத்தம், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூலிகைகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் எவ்வளவு தொகை செலுத்த வேண்டும் என்பதை வரையறுக்கும் புதிய ஒழுங்குமுறை 2025 ஏப்ரலில் வெளியானது. இவற்றைப் பற்றி நம்மிடையே உலவும் கருத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களைத் தேவையற்ற கெடுபிடியிலிருந்து சட்டம் விடுவித்துவிட்டது என்கிறது ஒரு தரப்பு. பழங்குடிகளின் மருத்துவ அறிவு நிறுவனங்களுக்குத் தாரை வார்க்கப்பட்டுவிட்டது என்கிறது மற்றொரு தரப்பு. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரு தரப்பினரும் அதிகம் பேசாத ஒன்று, சட்டம் கோடு கிழித்திருக்கும் இடம். எழுதப்பட்ட அறிவுக்கும் எழுதப்படாத அறிவுக்கும் நடுவே அந்தக் கோடு ஓடுகிறது. அது எப்படி வந்தது, யாரை எந்தப் பக்கம் நிறுத்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் சில சொற்கள்

1. உயிரியல் வளம்: செடி, விலங்கு, நுண்ணுயிர் ஆகியவையும் அவற்றின் உறுப்புகளும். கடுக்காயும் உயிரியல் வளம்தான்; காட்டில் உரித்த மரப்பட்டையும் உயிரியல் வளம்தான்.

2. மரபறிவு: எந்தச் செடியின் எந்தப் பாகத்தை, எந்தப் பருவத்தில் எடுத்து, எதற்குக் கொடுப்பது என்று ஒரு சமூகம் தலைமுறைகளாகக் காத்துவரும் அறிவு. இதில் நூல்களில் எழுதப்பட்டதும் உண்டு; வாய்மொழியாக மட்டுமே கடத்தப்படுவதும் உண்டு.

3. நூலேறிய மரபறிவு: திருத்தச் சட்டத்தின் முதன்மையான கருத்து இதுவே. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்த நூல்களிலிருந்து பெறப்படும் அறிவையே திருத்தச் சட்டம் நூலேறிய மரபறிவாகக் கொள்கிறது. அகத்தியர், போகர், புலிப்பாணி, தேரையர் ஆகியோர் பெயரில் வழங்கும் நூல்கள் சித்தப் பிரிவில் இடம்பெற்றுள்ளன.

4. பயன் பகிர்வு: ஒரு வளத்தையோ அது குறித்த மரபறிவையோ வணிகத்துக்குப் பயன்படுத்துபவர், தமக்குக் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கை, அவ்வளத்தைக் காத்துவந்த மக்களுக்கும் அறிவைத் தந்த மக்களுக்கும் அளிப்பது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை இதை உலக நாடுகளின் கடமையாக்கியது. 2010இல் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, அதை மேலும் விரிவாக வரையறுத்தது.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்தது?

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் வீடுகளில் எவருக்கும் சொல்லித்தர வேண்டாத செய்தி. ஆயினும் 1995 மார்ச்சில், புண் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதைப் பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம். இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்து வழக்காடியபோது, "எங்கள் பாட்டிமார் காலந்தொட்டு இதைச் செய்துவருகிறோம்" என்று சொல்வது போதுமானதாக இல்லை. அன்றைய அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம், வேற்று நாட்டில் வாய்மொழியாக வழங்கிய அறிவையும் வழக்கத்தில் இருந்த பயன்பாட்டையும் சான்றாக ஏற்கவில்லை. அச்சில் வந்திருந்தால் மட்டுமே அது செல்லும். ஆகவே 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரை உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்துச் சான்றுகள் தேடி எடுத்து அளிக்கப்பட்டன. 1997 ஆகஸ்டில் அந்தக் காப்புரிமை ரத்தானது. அமெரிக்கா இந்த விதியை மாற்றியது 2011இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலமே.

வேம்பு வழக்கு ஐரோப்பாவில் நடந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றிருந்தன. எதிர்ப்பு மனுக்களை விசாரித்த ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் அதை ரத்து செய்தது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது.

இத்தகைய வழக்குகள் தந்த பாடத்தால் உருவானதுதான் மரபறிவு மின்னூலகம். 2001இல் தொடங்கிய இந்தத் திட்டம், சமஸ்கிருதம், தமிழ், அரபி, பாரசீகம், உருது ஆகிய மொழிகளில் உள்ள மருத்துவ நூல்களின் செய்முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தந்தது. வெளிநாட்டுக் காப்புரிமை அதிகாரி ஒருவர், தம் முன் வந்த விண்ணப்பத்தில் கோரப்படுவது புதியதா பழையதா என்று இதில் பார்த்துக்கொள்ளலாம். இது மிகவும் பயனுள்ள கேடயம். ஆனால் இது தடுப்பதற்கு மட்டுமே உரிய கருவி. பிறர் அந்த அறிவைத் தனியுடைமையாக்குவதை இது தடுக்கும். அறிவுக்கு உரியவருக்கு எதையும் பெற்றுத் தராது. காப்பதும் ஈட்டுவதும் வெவ்வேறு என்பதை மனத்தில் கொண்டால்தான் பின்வருபவை விளங்கும்.

2002 சட்டமும் 2018 தீர்ப்பும்

2002இல் இயற்றப்பட்ட பல்லுயிர்ச் சட்டம் மூன்று அடுக்குகளை உருவாக்கியது. மேலே, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம். நடுவே மாநில வாரியங்கள். கீழே ஊராட்சி, நகராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள். வெளிநாட்டவர் ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். இந்திய நிறுவனங்கள் மாநில வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உள்ளூர் மக்களுக்கும், மருத்துவம் பார்க்கும் வைத்தியர்களுக்கும் யுனானி மருத்துவர்களான ஹகீம்களுக்கும் அன்றே விலக்கு இருந்தது. எனவே, பாட்டி வைத்தியமும் நாட்டு வைத்தியமும் 2023க்குப் பிறகே சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டன என்ற பேச்சு தவறானது.

இந்திய நிறுவனங்களும் பயன் பகிர்வுத் தொகை செலுத்த வேண்டுமா என்பதே நெடுநாள் கேள்வியாக இருந்தது. உத்தராகண்ட் பல்லுயிர் வாரியம் தொகை கேட்டபோது, அது வெளிநாட்டவருக்கு மட்டுமே உரிய கடமை என்று ஆயுர்வேத மருந்து நிறுவனமான திவ்யா பார்மசி உயர் நீதிமன்றம் சென்றது. 2018 டிசம்பர் 21 அன்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. வளத்தை எடுப்பவர் எந்த நாட்டவராயினும், காத்துவந்த மக்களுக்குள்ள உரிமை ஒன்றே என்பது அத்தீர்ப்பின் சாரம். என் மதிப்பீட்டில், இச்சட்டத்தின் உள்ளக்கருத்தை மிகத் தெளிவாக எடுத்துச் சொன்ன தீர்ப்பு அதுதான்.

மருந்து நிறுவனங்கள் இதைப் பெருஞ்சுமையாகக் கருதின. 2021 டிசம்பரில் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது.

திருத்தம் எதை மாற்றியது?

1. நூலேறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு, மாநில வாரியத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் கடமையிலிருந்தும் அதைத் தொடரும் பயன் பகிர்விலிருந்தும் விலக்கு கிடைத்தது.

2. பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும் அவற்றிலிருந்து செய்யும் பொருள்களுக்கும் விலக்கு உண்டு. பயிரிடப்பட்டது என்பதற்கான தோற்றச் சான்றை உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் பெற வேண்டும்.

3. பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்கள் வைத்தியர்களோடும் ஹகீம்களோடும் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

4. சிறைத்தண்டனை நீங்கியது, 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் அதன் இடத்தைப் பிடித்தது.

2025 ஒழுங்குமுறையின்படி, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால் பயன் பகிர்வுத் தொகை இல்லை. 5 முதல் 50 கோடி வரை 0.2 விழுக்காடு, 250 கோடி வரை 0.4 விழுக்காடு, அதற்கு மேல் 0.6 விழுக்காடு. சிறு மருந்தகங்களுக்கு இது நியாயமான நிவாரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அகத்தியர் மலையில் நடந்தது

பயன் பகிர்வைப் பற்றி உலகில் எங்கு பேசினாலும் குறிப்பிடப்படும் எடுத்துக்காட்டு, தமிழ்நாடும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் அகத்தியர் மலையில் பிறந்தது. இம்மலையின் இருபுறமும் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் அவர்களின் குடியிருப்புகள் உள்ளன.

1987 டிசம்பரில், தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு காணி இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறியது. ஆய்வாளர்கள் களைத்துப் போன ஏற்றங்களிலும் வழிகாட்டிகள் சோர்வின்றி நடந்தார்கள். அவ்வப்போது அவர்கள் ஏதோ சிறு காய்களை மென்றுகொண்டிருந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அது என்ன செடி என்று கேட்டபோது, சமூகத்தின் அறிவை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்று முதலில் மறுத்தார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழிக்குப் பிறகே காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. இதன் இனம் இலங்கையிலும் மலாயா தீபகற்பத்திலும்கூட வளர்கிறது. செடி பல நாடுகளுக்குப் பொதுவாக இருந்தாலும், அது களைப்பைப் போக்கும் என்ற செய்தி ஆய்வகத்துக்கு வந்தது காணிகளின் வாய்மொழியாக.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வுகள் நடந்தன. காணிகள் உண்டது காய்; ஆய்வகம் தேர்ந்தெடுத்தது இலை. அதனோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாக்கப்பட்டது. 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்தியப் பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் பாதியைக் காணிகளுக்கு அளிக்க ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. அப்போது இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டமே இல்லை என்பதை நினைத்தால், அம்முடிவின் பெருமை விளங்கும். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்தில் மனச்சான்றால் செய்யப்பட்டது அது.

ஆனால் பணத்தைப் பெறுவதற்கு ஓர் அமைப்பு தேவைப்பட்டது. கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை 1997 நவம்பரில்தான் பதிவானது. 1999இல்தான் முதல் தொகையாக ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுந்த சிக்கல்களே நமக்குப் பாடம்:

1. யாருடைய அறிவு? வழிகாட்டிகள் ஒரு பகுதியைச் சேர்ந்தவர்கள். வேறு பகுதிகளில் வாழும் காணிகளிடம் எவரும் கலந்து பேசவில்லை. பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்களில் சிலர், சமூகத்தின் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்கலாகாது என்று 1995இல் கேரள முதலமைச்சருக்கே எழுதினார்கள். இளைஞர் இருவர் சொன்ன ஒரு சொல், ஒரு சமூகத்தின் இசைவாகுமா? இக்கேள்விக்கு அன்று விடையில்லை.

2. செடி யாருடையது? இலை தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் காணிகளே பயிரிட வேண்டும். மரநிழலும் ஈரமும் நிறைந்த காட்டுச்சூழலில்தான் ஆரோக்கியப்பச்சை தன் இயல்போடு வளரும். பயிரிடுவதாகச் சொல்லிக் காட்டில் இருப்பதையும் பறித்துவிடுவார்கள் என்று வனத்துறை அஞ்சியது, அனுமதி இழுபட்டது, மருந்துக்கு இலை கிடைக்காமல் உற்பத்தி தடைப்பட்டது.

3. எல்லைக்கு இப்பால் இருப்பவர்கள்? அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. மலையின் கிழக்குச் சரிவில், பாபநாசம் பகுதியில் வாழும் காணிகளுக்கும் இதே செடியும் இதே முன்னோரும் உண்டு. மாநில எல்லை காட்டில் இல்லை; ஆனால் பங்கீட்டில் இருந்தது.

இந்த முயற்சிக்காகப் புஷ்பாங்கதனுக்கு 2002இல் ஐக்கிய நாடுகள் அவையின் நிலநடுக்கோட்டு முன்முயற்சி விருது வழங்கப்பட்டது. அது தகுதியான விருதே. ஆயினும் இதை முழு வெற்றியாகக் காட்டும் பாடநூல் சித்திரத்தை நான் ஏற்கவில்லை.

பிற நாடுகளில் இரண்டு பாதைகள்

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், நெடுந்தூர வேட்டையில் பசியும் தாகமும் தெரியாதிருக்க ஹூடியா என்ற சதைப்பற்றுள்ள செடியை மெல்வார்கள். அந்நாட்டின் அரசு ஆராய்ச்சி நிறுவனம் அச்செடியின் வேதிப்பொருளுக்குக் காப்புரிமை பெற்று, உடல் எடைக் குறைப்பு மருந்துக்காக வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமமும் வழங்கியது. சான் மக்களுக்கு இது பின்னரே தெரியவந்தது. 2003இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உரிமத்தொகையில் 6 விழுக்காடும், மருந்து உருவாக்கத்தின் கட்டங்கள்தோறும் தரப்படும் இடைநிலைத் தொகைகளில் 8 விழுக்காடும் அவர்களுக்கு உரியவை. ஆனால் பாதுகாப்பும் பலனும் போதவில்லை என்று பின்னர் அத்திட்டத்தை ஏற்றிருந்த யூனிலீவர் நிறுவனம் 2008இல் அதைக் கைவிட்டது. வராத இலாபத்தில் பங்கு என்பது வெறும் தாளில் உள்ள எண்ணாகவே நின்றுவிட்டது.

அதே நாட்டில் ரூயிபோஸ் மூலிகைத் தேநீருக்கு 2019இல் ஏற்பட்ட உடன்பாடு வேறு வழியில் சென்றது. விளைநிலத்தில் இலைக்குக் கிடைக்கும் விலையில் 1.5 விழுக்காட்டை அத்தொழில் முழுவதும் கொய், சான் மக்களுக்கு ஆண்டுதோறும் செலுத்துகிறது. காப்புரிமை இருக்கிறதா, யார் யாருக்குச் சொன்னார்கள் என்ற கேள்விகள் எதுவும் அங்கு எழுவதில்லை. இலை விற்றால் பங்கு உண்டு. எனக்கு இதுவே கூடுதல் நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

திருத்தத்தின் விளைவுகள்

இப்போது நம் சட்டத்துக்குத் திரும்புவோம். முதல் விளைவு திரிபலாவில் தெரியும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா, பட்டியலில் உள்ள நூல்களில் காணப்படும் மருந்து. அதைச் செய்யும் நிறுவனம், தான் நூலேறிய அறிவைப் பயன்படுத்துவதால் எவருக்கும் பங்கு தர வேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆனால் கடுக்காயும் தான்றிக்காயும் பெரும்பாலும் காட்டிலிருந்து வருபவை. மலைவாழ் மக்கள் பொறுக்கித் தருபவை. பயன் பகிர்வின் நோக்கம் அறிவுக்குக் கைம்மாறு செய்வது மட்டுமன்று. மரத்தை வெட்டாமல் காத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. விலக்கு அறிவுக்கு மட்டுமா, அவ்வறிவின்படி எடுக்கப்படும் காட்டு விளைபொருளுக்கும் சேர்த்தா? சட்டத்தின் சொற்களை இரண்டு விதமாகவும் வாசிக்க இடமிருக்கிறது. அறிவுக்கு மட்டும் என்ற வாசிப்பே சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தும்.

இரண்டாவது விளைவு தோற்றச் சான்றைப் பற்றியது. செங்காந்தள், நிலவாகை, நித்தியகல்யாணி போன்றவற்றைத் தமிழக உழவர்கள் வயலில் விளைவிக்கிறார்கள். அவர்களுக்கு இவ்விலக்கு உதவும். சந்தைக்கு வந்த பிறகு வயல் வேரும் காட்டு வேரும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபடுத்தும் ஒரே ஆவணம் ஊரளவிலான குழு தரும் சான்று. அக்குழுக்கள் எவ்வளவு வலுவானவை? பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களை அமைக்கும் வேலையையும், ஊரின் உயிரியல் வளங்களையும் அவை குறித்த மரபறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளையும் 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. பதினைந்து ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த வேலையைச் சில மாதங்களில் முடிக்கச் சொன்னால், பக்கங்கள் நிரம்பும். முதியவர் ஒருவரோடு ஒரு மழைக்காலம் முழுவதும் காட்டில் நடந்தால்தான் தெரியவரும் செய்திகள் அந்தப் பக்கங்களில் இருக்காது.

மூன்றாவதே மிகவும் ஆழமானது. அகத்தியர் பெயரில் உள்ள நூல்கள் அட்டவணையில் இருக்கின்றன. அகத்தியர் மலையில் வாழும் மக்களின் அறிவு அதில் இல்லை. வெளிப்பார்வைக்கு இது காணிகளுக்குச் சாதகமானது. நூலேறாத அறிவுக்கு விலக்கில்லை. ஆகவே அதைப் பயன்படுத்துவோர் இன்றும் பங்கு தந்தாக வேண்டும். நடைமுறையிலோ, ஒரு நிறுவனம் தன் மருந்துக்கு ஏதேனும் ஒரு நூலில் ஒரு பாட்டைக் காட்டினால் போதும். இந்தச் செய்தி எங்கள் முன்னோரிடமிருந்து போனது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சமூகத்தின் தலையில் விழும். அந்த நூல்களே எத்தனையோ வைத்தியர்களும் குடிகளும் சேர்த்துவைத்த பட்டறிவின் தொகுப்பு என்பதைச் சித்த மருத்துவம் அறிந்த எவரும் மறுக்க மாட்டார். எழுதியவுடன் பொதுச்சொத்து, எழுதாதவரை மெய்ப்பிக்க இயலாத சொத்து என்ற இரட்டை நெருக்கடியில் வாய்மொழிச் சமூகங்கள் நிற்கின்றன.

வாய்மொழியை ஏற்கும் வேறு இரண்டு சட்டங்கள்

இந்தியச் சட்டங்கள் எல்லாமே எழுத்தை மட்டும் நம்புவதில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஓர் உள்ளூர்ச் சமூகத்திடமோ பழங்குடியினரிடமோ வாய்மொழியாகவோ வேறு வகையிலோ ஏற்கெனவே உள்ள அறிவு என்பதையே காப்புரிமையை எதிர்ப்பதற்கான காரணமாக ஏற்கிறது. 2024 மே 24 அன்று ஜெனிவாவில் ஏற்கப்பட்ட உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உடன்படிக்கையும், மரபறிவை அடிப்படையாகக் கொண்ட காப்புரிமை விண்ணப்பங்களில் அவ்வறிவைத் தந்த மக்களைக் குறிப்பிட வேண்டும் என்கிறது; 15 நாடுகள் சேர்ந்தபின் அது நடைமுறைக்கு வரும்.

அதைவிட நேரடியானது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பல்லுயிர் வளத்தை அணுகும் உரிமையையும், அது சார்ந்த மரபறிவு மீதும் அறிவுசார் சொத்து மீதும் சமூகத்துக்குள்ள உரிமையையும் அதன் 3ஆம் பிரிவு வெளிப்படையாகத் தருகிறது. இதற்கு நூற்சான்று தேவையில்லை. கிராம சபையின் முன் வைக்கப்படும் கோரிக்கையில் தொடங்கும் நடைமுறை இது. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் அச்சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்கின்றன. பெரும்பாலான மனுக்கள் நிலப்பட்டாவைக் கேட்டே போடப்படுகின்றன. ஆனால் சமூக உரிமைகளுக்கான விண்ணப்பப் படிவத்தில் மரபறிவுக்கென்று தனியே ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. பாபநாசத்துக் காணிகளோ கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குபவர்களோ அந்த வரியை நிரப்பித் தங்கள் கிராம சபையில் தீர்மானம் பெற்றால், அடுத்த முறை ஒரு நிறுவனம் பாட்டைக் காட்டும்போது அவர்கள் கையிலும் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.